ஊழியருக்கு வழங்கப்பட்ட நினைவகம்

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தில் மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வைத்த பெயர் ‘சுத்துது சார்’.

அவர் பேசிய பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான். விண்ணப்பத்தை வாங்குவார், பெயரை அடிப்பார், பொத்தானைத் தட்டுவார். திரையில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுழல ஆரம்பிக்கும். “இருங்க, சுத்துது” என்பார். வட்டம் சுற்றும். மேலே மின்விசிறி சுற்றும். வரிசையில் நிற்கும் குழந்தை அம்மாவின் காலைச் சுற்றும். கடைசியில் வட்டம் நின்று, ‘மன்னிக்கவும், மீண்டும் முயலவும்’ என்று வரும்.

ஒருமுறை ஒரு வயதான அம்மாள் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “வெறும் வயித்தோட வேலைக்கு வராதப்பா. அப்படித்தான் தலை சுத்தும்.”

“எனக்கில்லைம்மா, இந்தப் பெட்டிக்கு.”

அம்மாள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பின்னால் நின்றவரிடம் திரும்பி, “பாவம், முத்திப்போச்சு” என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டர் அலுவலகத்துக்கு வந்தபோது வெள்ளையாக இருந்தது. இப்போது ஓயாமல் டீ குடிப்பவரின் பல் நிறத்துக்கு வந்துவிட்டது. காலையில் வந்ததும் சுத்துது சார் அதைத் தட்டிவிட்டு, மேசையைத் துடைத்து, முத்திரை மையை நிரப்பி, மாடிக்குப் போய் வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, வழியில் இரண்டு பேரிடம் குடும்ப நலன் விசாரித்துவிட்டு வந்தால் அது அப்போதுதான் ‘நல்வரவு’ சொல்லிக்கொண்டிருக்கும். அவர் விசைகளைத் தட்டி முடித்துக் கையை எடுத்த பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக, யாரோ பிடித்துத் தள்ளியதுபோலத் திரைக்கு வரும்.

திட்டு வாங்குவது அவருக்குப் பழகிவிட்டது. சம்பளத்தோடு சேர்ந்த படி என்று நினைத்துக்கொள்வார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை தையல்காரம்மா ஒருத்தி வந்தாள். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழை மாலைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும். சுத்துது சார் மகளின் பெயரை அடித்தார். பெயர் வந்தது. அச்சிடச் சொன்னார். வட்டம் சுழன்றது. அவர் பெட்டியின் பக்கவாட்டில் தட்டினார், தடவிக் கொடுத்தார், மனதுக்குள் கெஞ்சினார். வட்டம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அலுவலகம் மூடும் மணி அடித்தது.

தையல்காரம்மா கத்தவில்லை. நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “பரவாயில்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள். போய்விட்டாள்.

அந்த ‘பரவாயில்ல’ அவர் நெஞ்சில் மீன்முள்போல நின்றுகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினன் சாப்பிட வந்தான். மனைவியின் ஒரே தம்பி. கல்லூரிப் படிப்பு முழுவதையும் சுத்துது சார் வீட்டில் தங்கித்தான் படித்தான். அவனுக்கு அதே அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை கிடைக்க, அவர் ஏறாத படியில்லை. இப்போது அந்தப் பிரிவில் அவன் இரண்டாமவன். தனி வீடு, மனைவி, பிள்ளை என்று ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் அக்காவிடம்தான்.

நடந்ததைச் சொன்னார். மச்சினன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

“மெமரி கம்மி மாமா, அவ்வளவுதான். விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. உள்ள ஒரு சொருகு சொருகினா உங்க பெட்டி பறக்கும்.”

“இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கலையே மாமா. எழுதிக் குடுங்க. நான் இருக்கேன்ல.”

நான் இருக்கேன்ல என்றதும் அவருக்கு யானை பலம் வந்துவிட்டது. திங்கட்கிழமையே எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அப்போது மொழித் தூய்மை ஆண்டு நடந்துகொண்டிருந்தது. ரேம், மெமரி என்றெல்லாம் எழுதினால் காகிதம் திரும்பி வந்துவிடும். ஆகவே, ‘எனக்கு வழங்கப்பட்டுள்ள நினைவகம் மிகக் குறைவாக இருப்பதால் பணி தாமதமாகிறது, பொதுமக்கள் நலன் கருதி மேம்படுத்தித் தர வேண்டுகிறேன்’ என்று சுத்தமான தமிழில் எழுதினார்.

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து சுத்துது சாரின் தோளில் கை வைத்தார். இதுவரை அவர் யார் தோளிலும் கை வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

“இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேணும் தெரியுமா? எனக்கும்தான் மறதி இருக்கு. நேத்து கையெழுத்துப் போட்ட கோப்பை இன்னிக்குப் பாத்தா, இதை யார் போட்டதுன்னு தோணுது. ஆனா நான் ஒருநாளும் எழுத்துல குடுத்ததில்ல. அதனாலதான் கண்காணிப்பாளரா இருக்கேன்.”

“சார், நான் சொன்னது கம்ப்யூட்டரோட...”

“ஆரம்பத்துல எல்லாரும் பக்கத்துல இருக்கறது மேலதான் பழியப் போடுவாங்க. விடுங்க. கோப்பு ஊழியர் நலப் பிரிவுக்குக் கிளம்பிடுச்சு.”

“கூப்பிட்டுத் திருப்பி வாங்கிடலாமே சார்? ரெண்டு மேசை தள்ளித்தானே இருக்கு?”

கண்காணிப்பாளர் முகம் கறுத்தது. “கிளம்பின கோப்பைப் பின்னாலேர்ந்து கூப்பிடறதா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் அந்தப் பாவத்தைச் செஞ்சதில்ல” என்றார்.

சுத்துது சார் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேராகக் கணினிப் பிரிவுக்குப் போனார். மச்சினன் குளிர்பதன அறையிலிருந்து வெளியே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, இது நல்லதுக்குத்தான். எங்க பிரிவுக்கு வந்திருந்தா, நிதி ஒதுக்கீடு இல்லைன்னு அடியில போட்டுடுவாங்க. ஊழியர் நலத்துல ஒதுக்கீடு சும்மா கிடக்கு. அவங்க எதுக்குன்னு வாங்கினா நமக்கென்ன? குச்சி வந்தா சரி. வாயத் திறக்காம அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுங்க.”

“என்னை மறதிக்காரன்னு எழுதுவாங்களேடா.”

“எழுதட்டும் மாமா. நான் இருக்கேன்ல. கடைசியில நான் வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. வெளியில் தெரியாத ஒரு சூட்சுமத்தில் தானும் பங்காளி ஆகிவிட்டோம் என்று லேசான பெருமையும் வந்தது. தலையாட்ட ஆரம்பித்தார்.

முதலில் மருத்துவ அதிகாரி. அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “சுத்துதாமே?”

“ஆமாங்க.” இருபது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

“எப்பவெல்லாம்?”

“ஆள் வந்து எதுத்தாப்புல நின்னா உடனே சுத்தும்.”

“கூட்டத்தைக் கண்டா மயக்கம்” என்று முணுமுணுத்து எழுதிக்கொண்டார் அதிகாரி. “நின்னா என்ன ஆகும்?”

“நின்னுட்டா அன்னிக்குப் பொழுதுக்கும் ஒண்ணும் நடக்காதுங்க. திரும்ப அணைச்சுப் போடணும்.”

அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அணைப்பது யார் என்று கேட்கவில்லை. குடும்ப விஷயமாக இருக்கும் என்று நாகரிகமாக விட்டுவிட்டார்.

அடுத்து நினைவாற்றல் மேம்பாட்டு முகாம். பல அலுவலகங்களிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எதற்காக வந்திருக்கிறோம் என்று தெரியாதவர்கள். அதையே பயிற்சியாளர் முகாமின் அவசியத்துக்குச் சான்றாகக் காட்டினார். நிறுவன விதிகளைத் தினமும் காலையில் எல்லோரும் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். மதியம், கண்ணை மூடிக்கொண்டு மேலதிகாரியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். சுத்துது சார் கண்ணை மூடினால் தையல்காரம்மாவின் முகம் வந்தது. “யார் தெரியறாங்க?” என்று பயிற்சியாளர் கேட்டபோது உள்ளதைச் சொல்லிவிட்டார். ‘மேலதிகாரியைப் பெண்ணாக நினைவுகூர்கிறார்’ என்று குறிப்பில் ஏறியது.

முகாம் முடிகிற அன்று பயிற்சியாளர் நன்றி சொல்ல எழுந்தார். நிதி தந்தது எந்தத் துறை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. “எல்லாத் துறைக்கும் நன்றி” என்று சமாளித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

இதற்கிடையில் மூன்றாம் கவுன்ட்டர் மூடிக் கிடந்தது. ‘ஊழியர் நினைவு மேம்பாட்டில் உள்ளார்’ என்று அட்டை தொங்கியது. வரிசை படி இறங்கி, தெருவுக்கு வந்து, செருப்புக் கடை வரைக்கும் நீண்டது. செருப்புக் கடைக்காரர் மட்டும் இந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டினார்.

ஒருவழியாகக் குச்சி வந்தது. அதை வழங்க விழா எடுத்தார்கள். மேடை, ஒலிபெருக்கி, இயக்குநர். சின்னத் தட்டில் பட்டுத் துணி விரித்து, அதன் மேல் பச்சை நிறத்தில் விரல் நீளக் குச்சி. ஓரமெல்லாம் தங்க நிறப் பற்கள்.

இயக்குநர் பேசினார். “ஊழியரே நம் செல்வம். இயந்திரத்துக்கு நினைவகம் வாங்கிக் கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. மனிதருக்கு வாங்கிக் கொடுக்கும் முதல் அலுவலகம் நம்முடையது! நான் பதவி ஏற்ற அன்று பொதுமக்களுக்கு ஐந்து வாக்குறுதி கொடுத்தேன். அவை என்னவென்று இன்று எனக்கே ஞாபகமில்லை. உங்களுக்கும் ஞாபகமில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. இந்த ஒற்றுமைதான் நிர்வாகம்.”

சுத்துது சார் தட்டை வாங்கிக்கொண்டார். படம் எடுத்தார்கள். மச்சினன் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்பாகக் கைதட்டினான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பயல் மட்டும் இல்லாவிட்டால் என்று நினைத்துக்கொண்டார்.

நேரே கவுன்ட்டருக்கு ஓடினார். கணினிப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார். பதில் வந்தது. நினைவகம் ஊழியருக்கு வழங்கப்பட்டது; இயந்திரத்துக்கு அல்ல. அதை வேலை நேரத்தில் அவர் தம் உடம்போடு வைத்திருக்க வேண்டும். மாலையில் பொருட்காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கம்ப்யூட்டரோ கணினிப் பிரிவின் சொத்து. ஒரு பிரிவின் பொருளை இன்னொரு பிரிவின் பொருளுக்குள் நுழைப்பது விதிப்படி ‘கலப்பு’ என்ற குற்றம்.

அன்று முதல் சட்டைப்பையில் குச்சியோடு கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தார். எதிரே வட்டம் சுழன்றது. பையில் இருப்பதும் பெட்டிக்குள் போக வேண்டியதும் கைக்கெட்டும் தூரத்தில். இடையில் ஒரு தகரம். கண்காணிப்பாளர் கடந்து போகும்போதெல்லாம், “இப்போ எப்படி இருக்கு? கொஞ்சம் தெளிவா இருக்குமே?” என்று விசாரித்தார். “பரவாயில்லைங்க” என்றார் சுத்துது சார். வேறு என்ன சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினனிடம் வெடித்துவிட்டார். “ஒரு வார்த்தை சொல்றேன்னியே, இப்போ சொல்லுடா!”

மச்சினன் யோசித்தான். கை கழுவிவிட்டு வந்து, பழைய ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு காட்டிக் கொடுத்தான்.

“மாமா, இதுக்கு எதுக்கு அனுமதி? நீங்களே போட்டுடுங்க. முதல்ல ஒயரைப் புடுங்கிடணும். பக்கத்துத் தகரத்தைக் கழட்டிட்டு, உள்ள எதையும் தொடறதுக்கு முன்னாடி அந்தத் தகரத்தை ஒரு தரம் தொட்டுக்கங்க, உடம்புல இருக்கற கரண்டு இறங்கிடும். பழைய குச்சி ஒண்ணு நிக்கும். அதுக்குப் பக்கத்துல காலியா ஒரு வரிசை. குச்சி நடுவுல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, அது அங்க இருக்கற மேட்டோட பொருந்தணும். ரெண்டு பக்கமும் அமுக்கினா ‘டக்’குனு கிளிப்பு தானா மூடிக்கும். அவ்வளவுதான்.”

“யாராவது பாத்துட்டா?”

“பாத்தா எங்க பிரிவுக்குத்தானே வருவாங்க? நான் இருக்கேன்ல.”

மனைவி தண்ணீர் செம்பை வைத்துக்கொண்டே சொன்னாள், “அவன்தான் சொல்றானே, செய்யுங்களேன். எத்தனை நாள்தான் இதையே புலம்புவீங்க?”

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சுத்துது சார் மேசைக்கடியில் மண்டியிட்டார். தகரத்தைக் கழற்றினால் உள்ளே தூசி பஞ்சு மெத்தைபோலக் கிடந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். தகரத்தைத் தொட்டார். வெட்டை மேட்டோடு பொருத்தினார். அமுக்கினார். ‘டக்’ என்றது. அந்தச் சத்தம் அவருக்குத் தன் எலும்பிலிருந்தே வந்ததுபோல இருந்தது.

கம்ப்யூட்டரைத் தட்டினார். மேசையைத் துடைக்கத் துணியை எடுப்பதற்குள் ‘நல்வரவு’ வந்துவிட்டது. துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் மூன்றாம் கவுன்ட்டரில் நடந்ததை வரிசையில் நின்றவர்கள் வீட்டில் போய்ச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காகிதம் கைக்கு வந்தது. செருப்புக் கடையில் இருந்த வால் படிக்கு வந்தது, படியில் இருந்தது கூடத்துக்கு வந்தது. பழக்கதோஷத்தில் ஒருவரிடம் “இருங்க, சுத்து...” என்று ஆரம்பித்தார். அதற்குள் அச்சு இயந்திரம் காகிதத்தை நீட்டிவிட்டது.

கடைசியாகத் தையல்காரம்மா வந்தாள். இப்போது வேறு ஏதோ ஒரு படிப்பு, வேறு ஏதோ ஒரு ஊரில். பெண் விரும்பியது இல்லை, ஆனாலும் ஒன்று கிடைத்திருக்கிறதாம். வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று பையில் தைக்க வேண்டிய ரவிக்கையைக் கொண்டுவந்திருந்தாள். சுத்துது சார் பெயரை அடித்தார், சான்றிதழை நீட்டினார்.

அவள் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஊசியில் நூல்கூட இன்னும் கோக்கவில்லை.

“இவ்வளவுதானா சார்?” என்றாள்.

அவர் பெட்டியின் பக்கவாட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கிய கண்காணிப்பாளர் கூடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். பெஞ்சுகள் காலி. “என்ன, இன்னிக்கு விடுமுறையா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?” வேலை முடிந்துவிட்டது என்று கேட்டதும் அவர் நெற்றி வேர்த்தது. ஒரு கவுன்ட்டர் இப்படி வேலை செய்தால் மற்ற ஐந்து கவுன்ட்டர் எதற்கு? வரிசையை ஒழுங்குபடுத்தும் பிரிவு எதற்கு? தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் பிரிவு எதற்கு? செய்தி இயக்குநர் வரை போனது. “வரிசைதான் நம் சேவைக்கு மக்கள் தரும் சான்றிதழ். அதை யாரோ கலைத்திருக்கிறார்கள்” என்று அவர் கொதித்தார். விசாரணைக் குழு அமைந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த கணினிப் பிரிவு, உள்ளே ஊழியரின் குச்சி இருப்பதாக எழுதிக் கொடுத்தது.

சுத்துது சார் பதறவில்லை. அவர் ஆள் உள்ளே இருந்தான்.

விசாரணை மாடியில் நீள மேசை அறையில் நடந்தது. இயக்குநரே தலைமை. கண்காணிப்பாளர் பக்கத்தில். தொழில்நுட்பச் சாட்சியாக மச்சினன் வந்தான். புதிய சட்டை. மாமாவைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்பு. சுத்துது சாருக்கு அதுவே போதுமாக இருந்தது.

“இயந்திரத்தைத் திறக்க உங்கள் பிரிவு அனுமதி கொடுத்ததா?” என்று கேட்டார் இயக்குநர்.

“இல்லைங்க ஐயா.”

“வாய்மொழியாகக்கூட?”

“எங்க பிரிவுல வாய்மொழியே கிடையாதுங்க ஐயா.”

சுத்துது சார் முதலில் இதை ஒரு யுக்தி என்றே எடுத்துக்கொண்டார். கடைசி வார்த்தை வருவதற்கு முன்னால் போடும் பீடிகை. காத்திருந்தார்.

கடைசி வார்த்தை வந்தது. மச்சினன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உருக்கமான குரலில் பேசினான். “ஐயா, இவர் எனக்கு அப்பா மாதிரி. இவரைத் தண்டிச்சுடாதீங்க. இவர் விதியை மீறணும்னு மீறல. விதி இருக்கறதே மறந்துபோச்சு. வீட்டுலயும் இப்படித்தான். மருந்து வாங்கப் போனா கீரை வாங்கிட்டு வருவாரு. ஒரு வருஷம் எங்க அக்கா கல்யாண நாளையே மறந்துட்டாரு. அக்கா அன்னிக்குப் பூராவும் அழுதாங்க. மருத்துவ அறிக்கையும் அதைத்தானே சொல்லுது? அந்த அடிப்படையில இவரைக் கருணையோட பாக்கணும்.”

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

அந்தக் கல்யாண நாள் சுத்துது சாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அவர் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் இந்த மச்சினனின் படிப்புச் சான்றிதழ்களோடு. மழை பெய்தது. காகிதம் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்றார் இயக்குநர்.

அவர் எழுந்தார். மச்சினனைக் கைகாட்டிச் சொன்னார். “இவன்தாங்க போடச் சொன்னான். எப்படிப் போடறதுன்னு இவன்தான் காட்டிக் கொடுத்தான். என் வீட்டுல, சாப்பிட்டுட்டு.”

மச்சினன் மறுக்கவில்லை. மாமாவைப் பரிவோடு பார்த்தான். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, “பாருங்க ஐயா” என்றான். அவ்வளவுதான்.

எல்லோரும் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு பெருந்தன்மையாக இருந்தது. தண்டனை இல்லை. நினைவைப் பயன்படுத்தத் தேவையில்லாத பணி ஒன்று அவருக்காகவே உருவாக்கப்பட்டது. வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு மூன்றாம் கவுன்ட்டர் இருக்கும் திசையைக் கைகாட்ட வேண்டும். குச்சி பிடுங்கப்பட்டுப் பாதுகாப்புக்காகக் கணினிப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘கலப்பு’ நடந்ததைக் கண்டறிந்த விழிப்புணர்வுக்காக மச்சினன் அந்தப் பிரிவின் தலைவன் ஆனான். சில நாளிலேயே வரிசை பழைய ஆரோக்கியத்துக்குத் திரும்பியது. செருப்புக் கடைக்காரர் புதிய விளக்குப் போட்டார்.

சுத்துது சார் வாசலில் நின்று கைகாட்டினார். உள்ளே போனவர்கள் வெகுநேரம் கழித்து வெளியே வந்து அவரைத் திட்டினார்கள். சும்மா கைகாட்டுகிறவரைத் திட்டி என்ன பயன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார்கள், இவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தார்.

வீட்டில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது. முன்பெல்லாம் அவர் முகம் சற்று வாடினாலே துருவித் துருவிக் கேட்பவள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். வழக்கம்போல. கையில் ஒரு இனிப்புப் பெட்டி.

“மாமா, கோவமா? ஆபீஸ் வேற, வீடு வேற மாமா. அங்க நடந்ததை இங்க கொண்டுவரக் கூடாது.” தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். “உங்களுக்கு வேலை போயிருக்கும். நான்தான் காப்பாத்தினேன். யோசிச்சுப் பாருங்க, வாசல்ல நல்ல காத்து.”

சுத்துது சார் சோற்றில் குழி செய்துகொண்டிருந்தார்.

“அவன் தானா எதையும் செய்யலைங்க” என்றாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. “முந்தின நாளே வந்து என்கிட்ட கேட்டான். கல்யாண நாள் விஷயத்தைச் சொன்னா நல்லா எடுபடும்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். உங்களுக்கும் வேலை நிக்கும், அவனுக்கும் பதவி வரும். ரெண்டு பேரும் என் ஆளுங்கதானே? யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கல்யாண நாளன்று ஈரச் சட்டையோடு வந்து நின்றவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். எங்கே போயிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

மச்சினன் உற்சாகமாகிவிட்டான். “அந்தக் குச்சி சும்மாதானே கிடந்துச்சு மாமா, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். அடேங்கப்பா, என்னமா பறக்குது! பையன் விளையாட ஆரம்பிச்சா எழுந்திருக்கவே மாட்டேங்கறான்.” ஒரு வாய் சாப்பிட்டான். “என்ன மாமா, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?”

சுத்துது சார் கையைத் தட்டிலேயே கழுவினார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவனை, கவுன்ட்டருக்கு வரும் ஒரு புதிய ஆளைப் பார்ப்பதுபோல, முகம் முழுக்கப் பார்த்தார்.

“தம்பி, நீங்க யாரு?” என்றார்.

மச்சினன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். அவளும் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

“என்னங்க இது விளையாட்டு?”

அவர் மரியாதையாக எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளி வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“இவர் உங்களுக்குத் தெரிஞ்சவருங்களாம்மா?”